ஓட்டத்துக்கு முன் எத்தனை துள்ளல்?

(கடலூரில் நடந்த ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் உடற்கல்வி ஆசிரியை இல்லை. அறிவியல் பட்டதாரி ஆசிரியை, பி.எட். படித்தவள். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளியில் விளையாட்டுப் பாடவேளை யார் தலையில் வந்து விழும் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப்பேருக்குத் தெரியும். அப்படித்தான் எனக்கும் வந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கோ கேட்கவே வேண்டாம். தமிழும் நீங்கள்தான், கணக்கும் நீங்கள்தான், மைதானமும் நீங்கள்தான். பி.டி. சார்களும் சிலர் வந்திருக்கிறார்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததை நான் சொல்லும்போது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தப்பாகச் சொன்னால் எழுந்து நிறுத்துங்கள்.

நான் பேச வந்தது ஒரு மாணவியின் கேள்வியைப் பற்றி. ஒன்பதாம் வகுப்புப் பெண். கைப்பேசியில் ஒலிம்பிக் ஓட்டங்களைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்: "டீச்சர், 100 மீட்டர் ஓடுறவங்க கோட்டுக்குப் பின்னாடி நின்னு ரெண்டு தரம் எகிறிக் குதிக்கிறாங்களே, அது எதுக்கு? நாங்களும் குதிக்கணுமா?"

நல்ல கேள்வி. "குதிக்கலாம், ஆனால்..." என்பதுதான் பதில். அந்த 'ஆனால்' கொஞ்சம் நீளமானது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

குதிப்பதற்கு முன் வார்ம்-அப் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பெயரிலேயே இருக்கிறது, உடலைச் சூடாக்குகிறது. தசையின் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினாலே அது சுருங்கும் வேகமும் வெளிப்படுத்தும் திறனும் சில விழுக்காடு கூடுகின்றன. மார்கழியில் உறைந்துபோன தேங்காயெண்ணெயை வகுப்பில் உவமையாகச் சொல்வேன். முழுக்கப் பொருந்தாத உவமைதான், ஆனாலும் பிள்ளைகளுக்குப் பிடிபடும். "நம்ம ஊர் வெயிலில் தனியாகச் சூடேற்ற வேண்டுமா?" என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். வெயிலில் உட்கார்ந்திருந்தால் தோல் காய்கிறது, வியர்வை போகிறது, தொண்டை வறள்கிறது. ஓடத் தேவையான தசைக்கும் நரம்புக்கும் அது ஒத்திகை ஆகாது. வெயில் நாளில் வார்ம்-அப்பை நிழலில் செய்யலாம், நேரத்தைக் குறைக்கலாம். விட்டுவிட முடியாது.

சரி, உடல் சூடாகிவிட்டது. இனி துள்ளல் எதற்கு?

முழு பலத்தோடு ஒரு தசையைச் சில நொடிகள் வேலை வாங்கினால், அதன்பின் சிறிது நேரம் அந்தத் தசை வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவும் பலமாகவும் சுருங்குகிறது. மேல்நிலை வகுப்பில் தசைச் சுருக்கம் நடத்துபவர்களுக்கு ஆக்டின், மையோசின் நினைவிருக்கும். கடுமையான சுருக்கத்தின்போது மையோசின் இழையின் ஒரு சிறு பகுதியில் பாஸ்பேட் வந்து ஒட்டுகிறது. அதனால் அந்த இழை கால்சியத்துக்கு இன்னும் எளிதாக இணங்குகிறது. இந்த விளைவு ஒரு சில நிமிடங்களில் தேய்ந்துவிடும். அதன்பிறகும் ஓட்டம் மேம்பட்டிருந்தால் அதற்குத் தசையின் சூடு, நரம்புகளின் விழிப்பு, "நான் தயார்" என்ற மன எழுச்சி இவையெல்லாம் சேர்ந்து காரணம் என்கிறார்கள். எது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. நமக்கு அந்த வாதம் தேவையில்லை.

நமக்குத் தேவையான செய்தி வேறு. அதே துள்ளல் தசையைக் களைக்கவும் வைக்கிறது. உசுப்பலும் களைப்பும் ஒரே நேரத்தில் பிறக்கும் இரட்டைப் பிள்ளைகள். குதித்து முடித்த கையோடு ஓடினால் களைப்பின் கை ஓங்கியிருக்கும். சிறிது நேரம் விட்டால் களைப்பு முதலில் இறங்கும், உசுப்பல் மிஞ்சும். இன்னும் அதிக நேரம் விட்டால் இரண்டுமே போய்விடும். நடுவில் இருக்கும் அந்தச் சில நிமிடச் சாளரத்தில் துப்பாக்கி வெடித்தால்தான் துள்ளலுக்குப் பலன்.

அந்தச் சாளரம் எங்கே இருக்கிறது? 2016-ல் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை, கடுமையான முன்வேலைக்குப் பிறகு 5 முதல் 7 நிமிடம் ஓய்வு கொடுத்தபோது பலன் நன்றாகத் தெரிந்தது என்று சொல்லியது. கால் பலம் மிக்கவர்களுக்குப் பலன் கூடுதல். பலம் குறைந்தவர்களுக்குப் பலனும் குறைவு, களைப்பு இறங்கவும் 8 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இதை ஒரு தரம் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆய்வுகளில் ஓடியவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்ற பெரியவர்கள். நம்மிடம் இருப்பவர்களோ 14 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர். ஜூலையில் மைதானத்துக்கு வந்து ஆகஸ்டில் குறுவட்டப் போட்டிக்குப் போகிறவர்கள். கைப்பேசியில் பார்த்த வீரருக்கு இரண்டு எகிறல் என்பது வாகனத்தை ஒரு முறை உறும விடுவது போல. நம் பிள்ளைக்கு அதே எகிறல் கையிருப்பில் பாதியைச் செலவழிப்பதாகவும் இருக்கலாம்.

கணக்காகவும் பார்த்துவிடலாம். 100 மீட்டரை 13 நொடியில் ஓடும் பிள்ளை ஒரு நொடிக்கு ஏறத்தாழ 7.7 மீட்டர் கடக்கிறாள். எல்லாம் சரியாக அமைந்து துள்ளலால் ஒரு விழுக்காடு வேகம் கூடினால் 0.13 நொடி மிச்சம். தூரத்தில் ஒரு மீட்டர். குறுவட்டப் போட்டியில் முதலிடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவில் பல தடவை அந்த ஒரு மீட்டர்தான் இருக்கிறது. அதனால் இது அற்பம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதே பிள்ளை கடைசி 20 மீட்டரில் பக்கத்துத் தடத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தால் அந்த மீட்டர் அங்கேயே போய்விடும். காலையில் சாப்பிடாமல் வந்திருந்தாலும் போய்விடும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கியது, அது 1 முதல் 5 வரை உள்ள பிள்ளைகளுக்கு. போட்டிக்குப் போகும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை விடியற்காலை பேருந்து ஏறும்போது வீட்டில் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள். துள்ளலைப் பற்றி யோசிக்கும் முன் இரண்டு இட்லியைப் பற்றி யோசியுங்கள். நான் கையில் வாழைப்பழச் சீப்போடுதான் போவேன்.

இப்போது போட்டி நாளை நினைத்துப் பாருங்கள். கடலூர் அண்ணா விளையாட்டரங்கம். காட்டுமன்னார்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் சிதம்பரம் வந்து, அங்கிருந்து பேருந்து மாறி வருகிறார்கள். திட்டக்குடிப் பிள்ளைகள் இன்னும் தொலைவு. வந்து இறங்கியதும் அணிவகுப்பு, கொடியேற்றம், பேச்சு. பிறகு ஒலிபெருக்கியில் "100 மீட்டர், 17 வயதுக்குட்பட்ட மாணவியர், உடனே வரவும்" என்று அழைப்பு. ஓடி வருவார்கள். வரிசை எண் எழுதி, பின்னில் குத்தி, உட்கார வைப்பார்கள். முந்தைய ஓட்டம் முடியவில்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று. இருபது நிமிடம், சில நாள் முக்கால் மணி நேரம். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தே இருப்பார்கள். அதன்பின் "எழுந்திரு, கோட்டுக்கு வா."

காலையில் செய்த வார்ம்-அப் இந்நேரம் எங்கே இருக்கும்? தசை ஏறிய சூட்டை இறக்கிவிட்டது. நீங்கள் எட்டு மணிக்குச் செய்யவைத்த துள்ளல்களின் பலன் எட்டேகாலுக்கே முடிந்த கதை. என் எண்ணத்தில், நம் மாவட்டப் பிள்ளைகளின் வேகத்தை அதிகம் தின்பது இந்தக் காத்திருப்புதான். போட்டி நடத்துபவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நானும் அழைப்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், அங்கே இருக்கும் நெருக்கடி தெரியும். ஆனால் ஒன்று செய்யலாம். உட்கார வைத்த பிள்ளைகளைத் தங்கள் ஓட்டத்துக்கு இரண்டு ஓட்டம் முன்னதாக எழுந்து நிற்க விடலாம். நின்ற இடத்தில் முழங்கால் உயர்த்த, பத்தடி நடக்க, கணுக்காலில் மெல்லத் துள்ள இடம் கொடுக்கலாம். அதற்கு ஒரு கயிறும் ஒரு தன்னார்வலரும் போதும். அடுத்த முறை நீங்கள் அழைப்பு மேசையில் உட்காரும்போது இதைச் செய்து பாருங்கள்.

என் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லி அனுப்புகிறேன்? அழைப்புக்கு முன் ஐந்தாறு நிமிடம் மெல்லோட்டம். பிறகு நகர்ந்துகொண்டே செய்யும் அசைவுகள்: முழங்கால் உயர்த்தி நடை, குதிகால் பின்தொடையைத் தொடும் ஓட்டம், கால் வீச்சு, தாண்டு நடை. பிறகு 40, 50 மீட்டர் தூரத்துக்கு மூன்று ஓட்டம், ஒவ்வொன்றும் முந்தையதைவிட வேகமாக. பழைய பழக்கத்தில் குனிந்து கால் விரலைப் பிடித்துக்கொண்டு நிமிடக்கணக்காக நிற்பது வேண்டாம். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அடுத்து வரும் ஓட்டத்தின் வேகம் சற்றுக் குறைகிறது என்பது நன்றாக உறுதிப்பட்ட செய்தி. அந்த நீட்சியைப் போட்டி முடிந்த பிறகோ மாலையிலோ வைத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகுதான் துள்ளல். அதுவும் எல்லோருக்கும் இல்லை. இரண்டு மாதமாவது ஒழுங்காகத் துள்ளல் பயிற்சி செய்து, சத்தம் வராமல் இறங்கக் கற்ற பிள்ளைக்கு மட்டும். நின்ற இடத்திலிருந்து மேல்நோக்கி மூன்று முதல் ஐந்து குதிப்பு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சுவிட நேரம். உயரத்திலிருந்து குதிப்பது கூடவே கூடாது. பிறகு ஐந்து நிமிடமாவது நடந்துகொண்டிருக்க வேண்டும். காத்திருக்கும் இடத்தில் உட்கார வைத்துவிட்டார்களா? எழுப்பியதும் கணுக்கால் துள்ளல் பத்து, அவ்வளவே. அது களைக்க வைக்காது, கால் தூங்கியதை எழுப்பும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நம் பள்ளியில் நன்றாக ஓடும் பிள்ளைதான் நன்றாகத் தாண்டும் பிள்ளையும். காலையில் நீளம் தாண்டுதலில் மூன்று முயற்சி, பிறகு 100 மீட்டர் முதல் சுற்று, மதியம் இறுதி, கடைசியில் 4x100 தொடர் ஓட்டம். இந்தப் பிள்ளையின் கால் அன்று வேண்டியதற்கு மேல் குதித்துவிட்டது. அவளுக்கு உசுப்பல் எதுவும் தேவையில்லை. நிழலும் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் தேவை.

குதிப்பைப் பயிற்சியாக மாற்றிய வரலாற்றையும் இந்த இடத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. 1960-களில் சோவியத் நாட்டில் யூரி வெர்கோஷான்ஸ்கி என்ற பயிற்சியாளர் தாண்டுதல் வீரர்களை வைத்து ஆராய்ந்தார். மும்முறை தாண்டுபவரின் கால் தரையைத் தொடும் கணத்தில் அவருடைய உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. அதைத் தாங்கி, நொடியின் சிறு பகுதிக்குள் திருப்பி எறியும் திறனைத் தனியாகப் பயிற்றுவிக்க முடியுமா என்று அவர் பார்த்தார். உயரமான பெட்டியிலிருந்து இறங்கி, தரை தொட்ட உடனே மேலே எகிறும் முறையை உருவாக்கினார். அதிர்ச்சி முறை என்று அதற்குப் பெயர். அமெரிக்கப் பயிற்சியாளர் பிரெட் வில்ட் 1975-ல் இந்த வகைப் பயிற்சிகளுக்குப் பிளையோமெட்ரிக் என்று பெயர் சூட்ட, உலகம் முழுக்கப் பரவியது. நமக்குப் பக்கத்திலேயே, அண்ணாமலை நகரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையில் முதுகலையும் ஆய்வும் படித்தவர்களுக்கு இந்தச் சொல் புழக்கமான சொல். பரவியபோது ஒன்று மட்டும் பின்தங்கிப் போனது. பெட்டிக் குதிப்பு பலம் முழுக்கச் சேர்ந்த வீரருக்கே உரியது, தொடக்க நிலையில் இருப்பவருக்கு அல்ல என்று வெர்கோஷான்ஸ்கியே சொல்லியிருந்தார். பெட்டி எல்லா ஊருக்கும் வந்து சேர்ந்தது. எச்சரிக்கை வரவில்லை. பெஞ்சின் மேலிருந்து சிமெண்டுத் தரையில் பிள்ளைகளைக் குதிக்க வைப்பதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டெல்டாப் பக்கத்து மன்னார்குடிப் பகுதியிலிருந்து வந்த பிரவீன் சித்திரவேல் 2018-ல் இளையோர் ஒலிம்பிக்கில் மும்முறை தாண்டுதலில் வெண்கலம் வாங்கினார், 2023-ல் 17.37 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்தார். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லுங்கள், உற்சாகம் வரும். கூடவே அந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே ஐந்து ஆண்டு இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

ஆக, போட்டிக்கு ஐந்து நிமிடம் முன் குதிக்கும் குதிப்பைவிட, பருவம் முழுக்கக் குதிக்கும் குதிப்பில்தான் நம் பிள்ளைகளின் வேகம் இருக்கிறது. நான் உறுதியாக நம்புவது இது. ஏன் என்று சொல்கிறேன். நல்ல வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் பாதம் தரையில் இருப்பது நொடியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கணத்துக்குள் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் கவட்டையின் ரப்பர் போல இழுபட்டுச் சுருங்கி உடலை முன்னே எறிய வேண்டும். வேகமாக ஓடுகிறவர் தரையில் கால் வைத்திருக்கும் நேரம் குறைவு. அந்தக் குறைந்த நேரத்தில் விசை கொடுக்கக் கற்பது ஒரு நாள் வேலை இல்லை.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களே, இந்த இடம் உங்களுடையது. நீங்கள் பெட்டி வாங்க வேண்டாம், விசில்கூட வேண்டாம். பாண்டி ஆடத் தரையில் கோடு கிழியுங்கள். ஒற்றைக் காலில் துள்ளி, சில்லைத் தள்ளி, கோட்டை மிதிக்காமல் நிலைத்து நிற்பது என்பது பெரிய பயிற்சிக் கூடங்களில் காசு கொடுத்துக் கற்கும் அதே ஒற்றைக்கால் துள்ளலும் சமநிலையும்தான். நொண்டி ஆட்டத்தில் ஓடுகிறவனைத் துரத்தும் பிள்ளை தன்னை அறியாமல் எத்தனை துள்ளல் துள்ளுகிறாள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். பச்சைக்குதிரையில் கையூன்றித் தாண்டி இறங்க வேண்டும். கயிறு தாண்டுதலில் கணுக்கால் வேலை செய்யும், தாளமும் வரும். இவற்றை ஆடி வளர்ந்த பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வரும்போது எனக்குப் பாதி வேலை மிச்சம். மழை நாளில் வகுப்பிலேயே அடைந்து கிடந்து வளர்ந்த பிள்ளை குதித்து இறங்கும் சத்தத்தைக் கேட்டாலே தெரிந்துவிடும். பொத்தென்று மூட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

அதனால் ஆறு, ஏழாம் வகுப்பில் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இறங்குவதை. "பூனை மாதிரி இறங்கு, எனக்குக் காது கேட்கக் கூடாது" என்பேன். முன்பாதம் முதலில், முழங்கால் மடங்கி, இரண்டு முழங்காலும் கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும். முழங்கால்கள் உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றையொன்று முட்டுகிறதா என்று முன்னால் நின்று பாருங்கள். குறிப்பாக, பூப்பெய்திய பெண்பிள்ளைகளிடம் இதைக் கவனியுங்கள். இப்படி இறங்கும் பழக்கம் முழங்கால் உள்ளே இருக்கும் தசைநார் கிழிவதற்கு ஒரு காரணம். அந்தக் காயம் வந்தால் அறுவை, மாதக்கணக்கில் ஓய்வு. பல பெண்பிள்ளைகள் அதோடு மைதானத்துக்கே வர மாட்டார்கள். வீட்டிலும் "போதும், படிக்கிற வேலையைப் பார்" என்று சொல்லிவிடுவார்கள்.

அளவு என்ன என்று கேட்பீர்கள். வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. தொடக்கத்தில் ஒரு நாளைக்குப் பாதம் தரை தொடுவது ஐம்பது தடவைக்குள் இருக்கட்டும். பிள்ளை களைத்துச் சத்தத்தோடு இறங்க ஆரம்பித்தால், எண்ணிக்கை முடியாவிட்டாலும் அன்றைக்கு அவ்வளவுதான். தண்டனையாகத் துள்ள வைக்காதீர்கள். தாமதமாக வந்தவனை இருபது தவளைக் குதிப்பு குதிக்க வைத்தால் முழங்காலும் கெடும், குதிப்பின் மேலேயே அவனுக்கு வெறுப்பு வரும்.

தரையைப் பற்றி ஒன்று. நமக்குக் கடல் இருக்கிறது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கோ பரங்கிப்பேட்டை பக்கத்துக்கோ நடந்துபோகும் தூரத்தில் பள்ளி உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2008-ல் இத்தாலியில் கால்பந்து வீரர்களை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவை மணலிலும் மற்றதைப் புல்தரையிலும் நான்கு வாரம் குதிக்க வைத்துப் பார்த்தார்கள். ஓட்ட வேகம் இரு குழுவுக்கும் கூடியது. மணலில் குதித்தவர்களுக்குத் தசைவலி குறைவு. ஆனால் தரை தொட்டவுடன் எகிறும் அந்த ரப்பர்த் தன்மை புல்தரையில் குதித்தவர்களுக்குத்தான் கூடுதலாக வளர்ந்தது. மணல் விசையை விழுங்கிவிடுகிறது அல்லவா? அதனால் தொடங்குபவர்களுக்கு மணல், கொஞ்சம் தேறியவர்களுக்குப் புல் அல்லது கல் பொறுக்கிய மண் தரை. உள்நாட்டுப் பள்ளிகளில் நீளம் தாண்டும் குழியைக் கிளறிவிட்டாலே போதும். வராந்தாச் சிமெண்டு வேண்டாம். பாதிப் பிள்ளைகள் வெறுங்காலோடுதான் வருகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

வலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 10 முதல் 15 வயதுக்குள் எலும்பு வேகமாக வளரும்போது, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் மேட்டில் வலியும் வீக்கமும் சில பிள்ளைகளுக்கு வரும். இன்னும் சின்னப் பிள்ளைகளுக்குக் குதிகாலின் பின்பக்கம். இரண்டுமே தசைநாண் எலும்பின் வளரும் பகுதியை இழுப்பதால் வருவது. குதித்தால் கூடும், ஓய்வில் குறையும். "வளர்ற வலிதான், சரியாயிடும்" என்று சொல்லித் தொடர்ந்து குதிக்க வைக்கக் கூடாது. குதிப்பை நிறுத்துங்கள், குறையாவிட்டால் அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டச் சொல்லி வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். பிள்ளைகள் வலியை மறைப்பார்கள். சான்றிதழ் வேண்டும், விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அந்த ஆசையில் நியாயமும் இருக்கிறது. நாம்தான் நொண்டி நடக்கிறாளா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

கடைசியாக, இதையெல்லாம் உங்கள் பிள்ளைகளிடமே எப்படிச் சோதித்துப் பார்ப்பது? துள்ளல் எல்லோருக்கும் ஒன்றுபோல் உதவாது. எங்கள் பள்ளியில் பார்த்தவரை ஒருத்திக்கு வேகம் கூடியது, அவள் தோழிக்குக் குறைந்தது, இன்னொருத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் சோதிக்காமல் போட்டியன்று புதிதாக எதையும் செய்ய வைக்க வேண்டாம்.

சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. கையால் அழுத்தும் ஸ்டாப் வாட்ச். துப்பாக்கி அல்லது கைத்தட்டல் கேட்டு நாம் அழுத்துவதற்குள் ஒரு தாமதம்; முடிவுக் கோட்டில் பிள்ளை வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் அங்கே தாமதம் குறைவு. அதனால் கை நேரம் எப்போதும் மின்னணு நேரத்தைவிடக் குறைவாகவே காட்டும். 100 மீட்டருக்கு 0.24 நொடி என்று தடகள உலகில் இதற்கு ஒரு திருத்தமே வைத்திருக்கிறார்கள். நாம் தேடும் மாற்றமோ 0.13 நொடி. ஒரு தடவை ஓடவிட்டு "துள்ளினதால குறைஞ்சுது" என்று சொன்னால் அது நம் கட்டைவிரலின் வேலையாகவும் இருக்கலாம்.

அதற்கு நான் செய்வது இது. ஆறு நாள் எடுத்துக்கொள்வேன், வாரம் இரண்டு நாளாக மூன்று வாரம். சீட்டுக் குலுக்கி, மூன்று நாள் துள்ளலோடு, மூன்று நாள் துள்ளல் இல்லாமல். அதே வார்ம்-அப், அதே மணி, அதே தரை, வாட்ச் பிடிப்பதும் ஒரே ஆள். முடிந்தால் வாட்ச் பிடிப்பவருக்கு அன்று துள்ளினார்களா இல்லையா என்பதே தெரியக் கூடாது. 30 மீட்டர் ஓட்டத்தை இரண்டு தடவை எடுத்து, நல்ல நேரத்தைக் குறித்துக்கொள்வோம். கூடவே நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதலை டேப்பால் அளப்போம். டேப் பொய் சொல்லாது, கட்டைவிரலின் தாமதமும் அதில் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம், அதில் இரண்டு பத்தி. எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடவேளையில் பிள்ளைகளே சராசரி எடுக்கிறார்கள். மூன்று நாளின் எண்கள் தங்களுக்குள்ளேயே எவ்வளவு மாறுகின்றன என்று பார்த்துவிட்டு, "டீச்சர், இந்த வித்தியாசம் நிஜமா, இல்ல சும்மா வந்ததா?" என்று ஒரு பையன் கேட்டான். அறிவியல் ஆசிரியைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கேள்வி கேட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவியின் பக்கத்தில் துள்ளிய நாளுக்கும் துள்ளாத நாளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் அவள் இப்போதைக்குக் கோட்டுக்குப் பின்னால் எகிறுவதில்லை. செவ்வாயும் வெள்ளியும் மணல் குழியில் குதிக்கிறாள். அடுத்த பருவத்தில் மறுபடி அளப்போம்.

இந்த நோட்டின் மாதிரிப் பக்கத்தைப் படி எடுத்து வந்திருக்கிறேன், வாசல் மேசையில் இருக்கிறது. ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கப்பள்ளிக்காரர்கள் ஓட்டப் பத்தியை விட்டுவிட்டு, ஒற்றைக் காலில் எத்தனை நொடி நிற்கிறான், பாண்டியில் எத்தனை கட்டம் தடுமாறாமல் போகிறான் என்று குறிக்கலாம்.